இரண்டு வயதுக் குழந்தை தன் வேலையைத் தானே செய்யப் பழக்குவது எப்படி?

கேள்வி இது: "டெல்லி மயூர் விஹாரில் இருக்கிறோம். மகளுக்குப் போன மாதம், பிப்ரவரியில், 2 வயது நிறைந்தது. நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம். கும்பகோணத்திலிருந்து வந்து எங்களோடு இருக்கும் மாமியார்தான் அவளைப் பார்த்துக்கொள்கிறார். ஊட்டுவது, உடுத்துவது, கழுவி விடுவது எல்லாம் அவரே. அடுத்த வருடம் நர்சரி. விசாரிக்கப் போன பள்ளியில், 'குழந்தை தானே சாப்பிடுமா, டயப்பர் இல்லாமல் இருக்குமா' என்று கேட்டார்கள். உட்கார்ந்து சொல்லித்தர எங்களுக்கு நேரமே இல்லை. எங்கிருந்து தொடங்குவது?"

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது சாப்பிடுவது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சையாளர். டெல்லியில் பல வருடங்களாகச் சின்னக் குழந்தைகளோடும் அவர்கள் வீட்டாரோடும் வேலை செய்கிறேன். இந்தக் கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான்.

முதலில் காலக்கணக்கு. டெல்லிப் பள்ளிகளில் நர்சரி சேர மார்ச் 31 அன்று 3 வயது நிறைந்திருக்க வேண்டும், வகுப்பு ஏப்ரலில் தொடங்கும். அப்படியென்றால் உங்கள் கையில் ஒரு முழு வருடம் இருக்கிறது. கோடை, மழை, குளிர் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் அவள் பள்ளிக்குப் போவாள். டெல்லியின் தட்பவெப்பம் இந்த விஷயத்தில் உங்களுக்கு உதவும். உடம்பில் ஒற்றைத் துணி இருக்கிற கோடையில் கழிப்பறைப் பழக்கம், நாலு அடுக்குத் துணி இருக்கிற குளிர்காலத்தில் உடுத்தும் பழக்கம். சாப்பாடு இன்றே தொடங்கலாம்.

அடுத்து, நேரமில்லை என்கிறீர்கள். தனியாக நேரம் ஒதுக்கிப் பாடம் நடத்தச் சொல்லி நான் கேட்கவே மாட்டேன். நடத்தினாலும் பயனில்லை. இந்த வயதில் சொல்வதைவிடத் திரும்பத் திரும்பச் செய்வதுதான் கையில் நிற்கும். ஒரு நாளில் எத்தனை முறை கை கழுவுகிறாள், எத்தனை முறை ஜட்டி மாற்றுகிறாள், செருப்பு போடுகிறாள்! எப்படியும் நடக்கிற இந்த வேலைகள்தான் அவளுடைய பாடம். நீங்கள் மாற்ற வேண்டியவை மூன்று. ஒரு வேலை எப்போதும் ஒரே இடத்தில் நடக்கட்டும். எப்போதும் ஒரே வரிசையில் நடக்கட்டும். அதன் கடைசித் துண்டை அவளுக்கு விட்டுவிடுங்கள்.

இந்தக் கடைசித் துண்டு என்பதுதான் எங்கள் தொழிலில் நாங்கள் அதிகம் நம்புகிற வழி. பேன்ட் போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். கால் இரண்டையும் நுழைத்து, முட்டி தாண்டி, தொடை வரை நீங்களே ஏற்றிவிடுங்கள். இடுப்புக்கு இழுக்கிற அந்தக் கடைசி இழுப்பு மட்டும் அவளுடையது. அது நன்றாக வந்ததும் முட்டியோடு நிறுத்துங்கள். அப்புறம் கணுக்காலோடு. கடைசியில் துணியைக் கையில் கொடுத்தால் போதும். முதலிலிருந்து தொடங்கினால் குழந்தை பாதியில் சிக்கி அழும், நீங்கள் பிடுங்கிச் செய்து முடிப்பீர்கள். அவள் மனதில் தங்குவது தோல்விதான். கடைசியிலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு முறையும் "நான் போட்டுக்கிட்டேன்" என்ற இடத்தில் முடிகிறது. கை துடைப்பது, பல் தேய்ப்பது, தட்டை எடுத்து வைப்பது எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

கூடவே ஒன்று. 2 வயதுக் குழந்தைக்கு ஒரு சமயத்தில் ஒரு வாக்கியம்தான். "செருப்பைக் கழட்டிட்டு கை கழுவிட்டு வந்து உட்கார்" என்று சொன்னால் எதுவும் நடக்காது. இரண்டு படி உள்ள சுலபமான வேலையைச் சொன்னால் செய்வது இரண்டரை வயதை ஒட்டித்தான் வரும். "செருப்பைக் கழட்டு" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். நமக்கு அந்தச் சில வினாடி நீளமாகத் தெரியும். அவள் அந்த நேரத்தில்தான் கேட்டதை உடம்புக்குக் கொண்டுபோகிறாள். நடுவில் மறுபடி சொன்னால் அவளுக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிறது.

இப்போது உங்கள் மாமியார். உங்கள் கேள்வியில் அவர் ஒரு தடை மாதிரி வருகிறார். என்னைக் கேட்டால், உங்கள் வீட்டில் இந்த வேலைக்குத் தகுந்த ஆள் அவர்தான். நாள் முழுக்க அவளோடு இருப்பவர் அவர், அவசரமில்லாதவரும் அவர்தான். ஆனால் "அம்மா, இனிமே ஊட்டாதீங்க" என்று சொன்னால் அவருக்கு அது எப்படிக் கேட்கும் என்று யோசியுங்கள். சொந்த ஊரை விட்டு, மொழி தெரியாத ஊருக்கு வந்து, பேத்தியை மடியில் வைத்து ஊட்டுவதில்தான் அவர் இங்கே காலூன்றி நிற்கிறார். அதைப் பறிக்கக் கூடாது, பறிக்கத் தேவையும் இல்லை. ராத்திரிச் சாப்பாடு பாட்டியுடையதாகவே இருக்கட்டும். கதை சொல்லி, பால்கனியில் நிலா காட்டி, உருட்டி ஊட்டட்டும். காலையும் மதியமும் மட்டும் குழந்தை தானே. பிறகு அவரிடம் ஆலோசனை கேளுங்கள்: "இவங்க அப்பாவுக்கு எப்பம்மா ஜட்டி பழக்கினீங்க?" டயப்பர் இல்லாத காலத்தில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு இதில் தெரிந்தது அதிகம். கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள், செய்தும் காட்டுவார்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். 2 வயதில் பெரும்பாலான குழந்தைகள் ஸ்பூனால் சாப்பிடுவார்கள், சிந்தத்தான் சிந்தும். கையால் எடுத்துச் சாப்பிடுவது அதற்கும் வெகு முன்பே வந்துவிடும். நம் வீட்டுச் சாப்பாட்டுக்குக் கைதான் பொருத்தம், எனவே ஸ்பூன் வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். இரண்டையும் பக்கத்தில் வையுங்கள்.

எங்கே உட்காருகிறாள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பெரியவர்கள் நாற்காலியில் கால் தொங்க உட்கார்ந்தால் இடுப்பு ஆடும். இடுப்பு ஆடினால் கை வாய்க்குப் போகிற வழியில் தடுமாறும். தரையில் சம்மணம் போட்டு உட்கார வைத்து, முன்னால் ஒரு குட்டி மணை போட்டுத் தட்டை வையுங்கள். நாற்காலிதான் வேண்டுமென்றால் பாதத்துக்குக் கீழே ஒரு ஸ்டூல் கட்டாயம். தட்டையான தட்டில் ஸ்பூனை வைத்தால் சோறு ஓடிக்கொண்டே இருக்கும். சுவர் நேராக இருக்கிற கிண்ணம் என்றால், ஓடிய சோறு சுவரில் முட்டி ஸ்பூனில் ஏறும். முதல் சில வாரம் ரசம் சாதம் வேண்டாம். ஒட்டுகிற சாப்பாடாக இருக்கட்டும்: குழைந்த தயிர் சாதம், வெண்பொங்கல், உப்புமா, நெய் தடவிய இட்லித் துண்டு. இரண்டு ஸ்பூன் அளவு மட்டும் வைத்து, முடித்ததும் மறுபடி வையுங்கள். மலைபோல் இருந்தால் குழந்தை கையை உள்ளே விட்டு அளைந்துகொண்டிருக்கும். திராட்சையை நீளவாக்கில் நறுக்கிக் கொடுங்கள். முழு நிலக்கடலை இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம், தொண்டையில் அடைக்கும்.

பசி இருக்கும்போதுதான் கை பழகும். சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் பால், பிஸ்கட் கொடுத்துவிட்டு "தானா சாப்பிட மாட்டேங்குறா" என்று சொல்லக் கூடாது. போன் வேண்டாம். வீடியோ பார்த்தபடி வாயைத் திறக்கிற குழந்தைக்குத் தான் சாப்பிடுவதே தெரியாது, கை எப்படிக் கற்கும்? 2 முதல் 5 வயது வரை திரை நேரம் மொத்தமே ஒரு நாளுக்கு 1 மணிக்குள் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை. அந்த நேரத்தைச் சாப்பாட்டில் செலவழிக்காதீர்கள். அரை மணியில் எடுத்துவிடுங்கள். முதல் வாரம் கொஞ்சம் குறைவாகச் சாப்பிடுவாள். பாட்டி பதறுவார். ராத்திரிச் சாப்பாடு அவர் கையில் இருப்பது இங்கேயும் உதவும்.

இடது கையால் எடுக்கிறாள் என்று கையைத் தட்டிவிடுவதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். எந்தக் கை என்பது உடம்பில் முழுதாகத் தெளிய இன்னும் ஒன்றிரண்டு வருடம் ஆகலாம். தட்டின் நடுவில் வையுங்கள், எந்தக் கையால் வேண்டுமானாலும் எடுக்கட்டும். எப்போதும் இடதுதான் என்றால் அவள் இடக்கைக்காரி, அவ்வளவுதான்.

தண்ணீருக்குச் சின்ன எவர்சில்வர் டம்ளர், அதில் இரண்டு விரற்கடை தண்ணீர். சிப்பர் மூடியை இப்போதே விட்டுவிடலாம். சிந்தினால் திட்டாமல் ஒரு துணியைக் கையில் கொடுங்கள். துடைப்பது அவளுக்குச் சாப்பாட்டைவிடப் பிடிக்கும்!

இப்போது கழிப்பறை. எல்லாரும் பயப்படுவது இதற்குத்தான், அவசரப்பட்டுக் கெடுப்பதும் இதைத்தான். வயதைப் பார்க்காதீர்கள், அறிகுறியைப் பாருங்கள். இரண்டு மணி நேரம் டயப்பர் காய்ந்தே இருக்கிறதா? போவதற்கு முன் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிகிறாளா, முகம் மாறுகிறதா, வந்து சொல்கிறாளா? பேன்ட்டைக் கீழே இறக்கத் தெரிகிறதா? இவை ஒன்றரை வயதிலும் வரலாம், மூன்றை நெருங்கியும் வரலாம். வராத குழந்தையை உட்கார வைத்துப் போராடினால், பழக வேண்டியது இன்னும் தள்ளித்தான் போகும்.

அறிகுறி இருக்கிறதென்றால் டெல்லியில் ஏப்ரலைவிட நல்ல மாதம் இல்லை. எலாஸ்டிக் ஜட்டி ஒன்று, மேலே ஒரு பனியன், அவ்வளவுதான் துணி. வீட்டில் இருக்கும் பகல் நேரத்தில் டயப்பரை எடுத்துவிடுங்கள். எழுந்ததும், சாப்பிட்டு இருபது முப்பது நிமிடத்தில், குளிக்கும் முன், தூங்கும் முன் என்று நாளின் வரிசையோடு சேர்த்து உட்கார வையுங்கள். சாப்பிட்ட பின் குடல் தானாகவே அசையத் தொடங்கும், அதனால் அந்த நேரத்துக்குப் பலன் அதிகம். மூன்று நான்கு நிமிடம் போதும். வெஸ்டர்ன் கழிப்பறை என்றால் மேலே சின்ன இருக்கை, காலுக்குக் கீழே ஸ்டூல். கால் தொங்கினால் முக்க முடியாது. தாழ்ப்பாளை அவளுக்கு எட்டாத உயரத்துக்கு மாற்றிவிடுங்கள். உள்ளே பூட்டிக்கொண்டு மிரண்டு அழுத குழந்தை பிறகு அந்த அறைக்குள் போகவே மறுக்கும்.

மலம் இறுகி வலிக்கிறதென்றால் பழக்கத்தை நிறுத்திவிட்டு முதலில் அதைச் சரி செய்யுங்கள். வலித்த குழந்தை அடக்கும், அடக்கினால் இன்னும் இறுகும், பிறகு இது மாதக்கணக்கில் போகும். தண்ணீர், பப்பாளி, கொய்யா, கீரை கொடுங்கள். பாலை அளவோடு வையுங்கள், சிலருக்கு அதுவே காரணமாக இருக்கும். அதிலும் சரியாகாவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும்.

பெண் குழந்தை என்பதால் கழுவுவது எப்போதும் முன்னிருந்து பின்னோக்கித்தான். சிறுநீர்த் தொற்று வராமலிருக்க இது முக்கியம், அதனால் முதல் நாளிலிருந்தே அப்படிப் பழக்குங்கள். தானாகச் சுத்தமாகக் கழுவிக்கொள்ள 4 வயதாவது ஆகும். அதுவரை தண்ணீரை அவள் ஊற்றட்டும், கழுவி முடிப்பது பெரியவர்கள் வேலை. பள்ளியில் அவள் செய்ய வேண்டியது கேட்பதுதான். வீட்டில் "மூச்சா" என்கிறீர்களோ "ஒண்ணுக்கு" என்கிறீர்களோ, எல்லாரும் ஒன்றையே சொல்லுங்கள். பள்ளி தொடங்க சில மாதம் முன்பிருந்து "சூசூ" என்று இந்தியிலும் சொல்லப் பழக்குங்கள். தமிழ் மட்டும் தெரிந்த குழந்தை, சொல்லியும் ஆயாவுக்குப் புரியாமல் நனைத்துக்கொண்டு நிற்கும் நிலை வரக் கூடாது.

மே மாதம் ஊருக்குப் போகிறீர்களா? தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னைக்கு ஏறக்குறைய ஒன்றரை நாள், அப்புறம் கும்பகோணம். ஆடுகிற ரயில் கழிப்பறை பழகத் தொடங்கும் இடமல்ல. ஏப்ரல் தொடக்கத்திலேயே ஆரம்பித்து நன்றாகப் பிடித்துக்கொண்டாள் என்றால் பயணத்துக்கு மட்டும் டயப்பர் போட்டு, இறங்கியதும் எடுத்துவிடலாம். இல்லையென்றால் திரும்பி வந்து ஜூனில் தொடங்குங்கள். டெல்லியில் செப்டம்பர் வரை வெயிலும் புழுக்கமும்தானே, நாள் இருக்கிறது. இரவு டயப்பர் வேறு விஷயம். தூக்கத்தில் காய்ந்திருப்பது உடம்பு முதிர்வதைப் பொறுத்தது, சொல்லித்தந்து வருவதல்ல. 5 வயது வரை நனைத்தாலும் அது இயல்புதான். பள்ளியும் அதைக் கேட்கப் போவதில்லை.

குளியலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வயிறும் தொடையும் அவள் சோப்பு போடட்டும், தலையும் முதுகும் பாட்டி. மே, ஜூனில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வருகிற குழாய்த் தண்ணீர் மதியத்தில் கையைச் சுடும். குளிர்காலத்தில் கீசர். எனவே எந்தக் காலமானாலும் நீங்கள் கை வைத்துப் பார்த்த பிறகுதான் அவள். ஹீட்டர் ராடு போட்ட வாளி இருக்கிற இடத்தில் குழந்தை இருக்கவே கூடாது. சில அங்குலத் தண்ணீரிலும் குழந்தை மூழ்கும், அதனால் வாளியைக் காலி செய்து கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே வாருங்கள்.

பல் தேய்க்க, 3 வயது வரை அரிசி அளவு பேஸ்ட், அதற்கு மேல் பட்டாணி அளவு. முதலில் அவள் தேய்க்கட்டும், பிறகு நீங்கள் ஒரு முறை. இந்த இரண்டாவது முறையை 7, 8 வயது வரை விடக் கூடாது. கை கழுவ வாஷ்பேசினுக்கு ஒரு ஸ்டூல், அவள் உயரத்துக்கு ஒரு துண்டு. சோப்போடு 20 வினாடி. குளிரில் குழாய்த் தண்ணீர் ஐஸ் மாதிரி இருப்பதால் மக்கில் வெந்நீர் கலந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நவம்பரோடு இந்தப் பழக்கம் நின்றுவிடும்.

உடுத்துவதில் கழற்றுவதுதான் முதலில் வரும், போடுவது பின்னால். தளர்ந்த பேன்ட், திறந்த ஜாக்கெட் இவற்றைக் கழற்றுவது இரண்டரை வயதை ஒட்டி, போடுவது 3 வயதை ஒட்டி. எனவே மழைக்காலம் முழுக்கக் கழற்றப் பழகட்டும். மாலை வீட்டுக்கு வந்ததும் சாக்ஸ், செருப்பு, ஈரச் சட்டை அவள் பொறுப்பு. வாரம் ஒரு முறை ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் என்றால், அடிவாரத்தில் செருப்பை விடுவதும் திரும்பி வந்து போடுவதும் நல்ல பயிற்சி. அங்கே அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு நீங்கள் மாட்டிவிடாதீர்கள், ஓரமாக உட்கார வைத்து வெல்க்ரோவை அவளையே ஒட்டச் சொல்லுங்கள். வலது இடது மாறினால் பரவாயில்லை, அது தெளிய இன்னும் வருடங்கள் இருக்கின்றன.

டிசம்பரில் உள்பனியன், சட்டை, ஸ்வெட்டர், ஜாக்கெட், குல்லாய், சாக்ஸ் என்று வரும்போது வீடே போர்க்களமாகும். ஆனால் ஒரு நாளில் இத்தனை முறை போட்டுக் கழற்றுகிற வாய்ப்பு சென்னைக் குழந்தைக்குக் கிடையாது. சரோஜினி நகரிலோ வேறெங்கோ வாங்கும்போது முன்பக்கம் ஜிப் வைத்ததாக, ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். ஜிப் முனையில் ஒரு ரிப்பன் வளையம் கட்டிவிட்டால் குட்டி விரலுக்குப் பிடி கிடைக்கும். ஜாக்கெட்டைத் தரையில் உள்பக்கம் மேலே தெரிய விரித்து, காலர் அவள் பாதத்தை ஒட்டி வருமாறு வையுங்கள். குனிந்து இரண்டு கையையும் விட்டு, தலைக்கு மேலே தூக்கிப் பின்னால் போட்டால் ஜாக்கெட் உடம்பில் இருக்கும். குழந்தைகள் இதை ஒரு வித்தை மாதிரி ரசித்துச் செய்வார்கள். சாக்ஸுக்கு உட்கார வேண்டும், நின்றுகொண்டு முடியாது. குதிகால் வரை நீங்கள், மேலே இழுப்பது அவள். பட்டன் இந்த வருடம் வேண்டாம், 4 வயதை ஒட்டி அவிழ்க்க வரும், போடுவது அதற்கும் பிறகு. முதுகில் ஜிப் வைத்த கவுனும் பட்டுப்பாவாடையும் விசேஷ நாளுக்கு, பாட்டி கையால்.

பட்டன், ரிப்பன், கொக்கி பழக மரச்சட்டங்கள் விற்கிறார்கள், வாங்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். அந்தச் சட்டம் மரியா மான்டிசோரி வழி வந்தது. 1907-ல் ரோமில் ஏழைத் தொழிலாளர் குழந்தைகளுக்காக முதல் பள்ளியைத் தொடங்கியவர், 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலகப் போர் வந்து இத்தாலியர் என்பதால் திரும்ப முடியாமல் போக, கொடைக்கானலிலும் தங்கியிருந்தார். கை கழுவுவது, துடைப்பது, ஊற்றுவது, உடுத்துவது என்ற தினசரி வேலைகளையே அவர் பாடமாக வைத்தார். பள்ளியில் நாற்பது குழந்தைக்கு அந்தச் சட்டம் தேவைதான். உங்கள் வீட்டில் அப்பாவின் பழைய சட்டை இருக்கிறது, பெரிய பட்டன், பெரிய ஓட்டை. அதுவே போதும்.

எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் தொடங்க வேண்டாம். ஒன்று கைவந்த பிறகு அடுத்தது. காலை நேரம் உங்களுக்கு இறுக்கம் என்றால் காலையில் ஒரே ஒரு துண்டை மட்டும் விடுங்கள், செருப்பு மாதிரி. அதற்காகப் பத்து நிமிடம் முன்னால் கிளம்பத் தொடங்குங்கள். மீதியைப் பகலில் பாட்டியும் மாலையில் நீங்களும் பார்த்துக்கொள்ளலாம். செய்ததும் "குட் கேர்ள்" என்பதைவிட "சாக்ஸை நீயே மேல இழுத்துட்டியே" என்று செய்ததைச் சொல்லுங்கள், அடுத்த முறை எதைச் செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். சாக்லேட் பேரம் வேண்டாம். காய்ச்சல் வந்தால், ஊருக்குப் போய் வந்தால், வீட்டில் புதுக் குழந்தை வந்தால் கற்றதெல்லாம் கொஞ்ச நாள் காணாமல் போகும். இரண்டு படி கீழே இறங்கி உதவுங்கள், திரும்பி வரும்.

சில விஷயங்களில் மட்டும் காத்திருக்க வேண்டாம். கட்டியான சாப்பாடு வாயில் பட்டாலே குமட்டுகிறது, மற்றக் கை உதவிக்குக்கூட வராமல் எப்போதும் ஒரு கை மட்டுமே வேலை செய்கிறது, துணி தோலில் பட்டாலும் தண்ணீர் தலையில் பட்டாலும் தாங்க முடியாமல் அலறுகிறாள், கூப்பிட்டால் திரும்புவதில்லை, முன்பு செய்துகொண்டிருந்ததை விட்டுவிட்டு மாதக்கணக்கில் திரும்ப வரவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் பக்கத்திலேயே கீதா காலனியில் குழந்தைகளுக்கென்றே சாச்சா நேரு அரசு மருத்துவமனை இருக்கிறது. போகும்போது, வீட்டில் அவள் சாப்பிடுவதையும் உடுத்துவதையும் ஒரு சின்ன வீடியோவாக எடுத்துக்கொண்டு போங்கள். புது இடத்தில் குழந்தை செய்து காட்டாது, அந்த வீடியோவில்தான் எங்களுக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும்.